நேற்று வேறு சொன்னவர்

எங்கள் கம்பெனியில் யாரிடமாவது போய், "நேத்து வேற மாதிரி சொன்னீங்களே" என்று கேட்டால் முதலில் முகம் மாறும். பிறகு, "நான் அப்படிச் சொல்லல, நீங்க சரியா காதுல வாங்கல" என்பார்கள். அல்லது, "அன்னைக்கும் இதைத்தானே சொன்னேன்" என்பார்கள். ஒரே ஒருவர்தான் வேறு மாதிரி பதில் சொல்வார். "ஆமா சார், நேத்து அப்டித்தான் சொன்னேன். அது தப்பு போல கீது" என்பார். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்துவிடுவார்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. கேட்டால் எழுதச் சொல்வார். ஆனால் இன்றைக்கு எழுதலாம் என்று சொல்லிவிட்டு நாளைக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் அவர். அச்சான பிறகு என்ன செய்வது?

ஒரகடத்தில் கார் சீட் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். கம்ப்யூட்டர் பிரிவில் எங்கள் இருவருக்கும் ஒரே பதவி, ஒரே அறை, எதிரெதிர் மேசை. அவர் அந்தப் பக்கத்துப் பென்னலூர்க்காரர். எம்.சி.ஏ. படித்துவிட்டு, கம்பெனி தொடங்கிய காலத்திலேயே வந்து சேர்ந்தவர். நான் கோவில்பட்டிப் பக்கம். சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சில வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்து குன்றத்தூரில் வீடு பிடித்தேன். அவர் என்னை சார் என்பார், நான் அவரை மேடம் என்பேன். கடைசிவரை அது மாறவில்லை. எங்களுக்குள் மாறாமல் இருந்தது அநேகமாக அது ஒன்றுதான்.

அவருடைய குணம் எனக்கு முதலில் பிடிபட்டது பிரியாணிக் கடை விஷயத்தில். கம்பெனி பஸ் நிற்கும் முனையில் ஒரு கடை உண்டு. அங்கே எண்ணெய் சரியில்லை, சாப்பிட்டால் வயிற்றைக் கெடுக்கும் என்று அவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அவர் பேச்சை நம்பி பஸ்ஸில் வரும் பாதிப் பேர் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அவருடைய கணவர் எந்தக் கடை என்று சொல்லாமல் பார்சல் வாங்கி வைத்திருக்கிறார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் கடை பெயரைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை பஸ்ஸில் அவர் ஒவ்வொரு சீட்டாகப் போய், "அந்தக் கடைய பத்தி நான் சொன்னது தப்பு, நல்லாத்தான் கீது" என்று சொன்னார். அதோடு நின்றிருந்தால் எனக்கு நினைவில் இருந்திருக்காது. சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னால் கடைக்கே போய்விட்டார். சும்மா பார்க்கலாம் என்று நானும் கூடப் போனேன்.

"அண்ணே, உங்க கடைய பத்தி தப்பா சொல்லிகினு இருந்தேன்" என்றார்.

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "யார்கிட்டம்மா சொன்ன?"

"எங்க பஸ்ல வர்றவங்க எல்லார்கிட்டயும்."

"இன்னாத்துக்கு?"

"அப்ப அப்டித் தோணிச்சு. இப்ப அவங்க எல்லார்கிட்டயும் மாத்திச் சொல்லிட்டேன்."

கடைக்காரர் கொஞ்ச நேரம் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவதா, டீ கொடுப்பதா என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. கடைசியில் இரண்டு டீ கொடுத்தார்.

நான் வளர்ந்த வீட்டில், சொன்ன சொல் மாறாதவன் என்பதற்கு மேல் பாராட்டு கிடையாது. ஒருவனை மட்டம் தட்ட வேண்டுமானால், "அவன் பேச்சு மாறுவான்" என்று சொன்னால் போதும், பெண் கொடுக்க மாட்டார்கள். அதனால் அன்றைக்கு அந்த டீயைக் குடித்துக்கொண்டே இந்த அம்மாளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் பொய் சொல்பவர் இல்லை. பயந்த சுபாவமும் கிடையாது. பேச்சு மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

என்னை அந்தக் கம்பெனியில் வேலைக்கு எடுத்ததே ஒரே ஒரு காரியத்துக்காக. அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

பக்கத்துக் கார்த் தொழிற்சாலையில் அடுத்தடுத்து எந்த நிறத்தில், எந்த ரகத்தில் கார் வரப்போகிறது என்ற தகவல் எங்களுக்கு வந்துகொண்டே இருக்கும். அதே வரிசையில் நாங்கள் சீட்டுகளைச் செய்து, லேபிள் ஒட்டி, அதே வரிசையில் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். ஒரு சீட் இடம் மாறினால் வெள்ளைக் காருக்குள் தப்பான சீட் போய் உட்காரும். லேபிள் வராமல் நின்றால் எங்கள் லைன் நிற்கும். கொஞ்ச நேரத்தில் கார் லைனும் நிற்கும். அப்படி ஒருமுறை நின்றால் யார் யார் தலை உருளும் என்பது அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும்.

இந்த வேலை முழுவதையும் செய்துகொண்டிருந்தது ஒரு அப்ளிகேஷன். நாங்கள் அதைப் "பழசு" என்போம். கம்பெனி தொடங்கியபோது எழுதியது. எழுதிக் கொடுத்த சென்னை நிறுவனம் எப்போதோ மூடிவிட்டது. எந்த ஃப்ரேம்வொர்க்கை அடித்தளமாக வைத்து அதைக் கட்டியிருந்தார்களோ, அதைச் செய்தவர்கள் இனிமேல் அதைக் கவனிக்க மாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர்களில் அது ஏறவே மறுத்தது. ஆனால் ஓடியது. சாம்பல் நிறத் திரையும் பெரிய பெரிய எழுத்துமாக, ஒரு நாள் தவறாமல் ஓடியது. அதைப் புதிய ஃப்ரேம்வொர்க்குக்கு மாற்றி எழுதத்தான் என்னை எடுத்தார்கள். ஆனாலும், மாற்றலாமா வேண்டாமா என்று தொழிற்சாலைப் பொறுப்பாளரான பிளான்ட் ஹெட்டுக்கு முடிவு சொல்ல வேண்டியது நாங்கள் இருவரும் சேர்ந்து.

மாற்றலாம் என்றேன் நான். வேண்டாம் என்றார் அவர்.

"ஓடிகினு கீறத எதுக்கு சார் நிறுத்தி வேற ஓட்டணும்?"

"இன்னைக்கு ஓடுது மேடம். நாளைக்கு நின்னா சரி பண்ண ஆள் கிடையாதே."

"உங்க புதுசு, அதுக்கு எத்தினி வருசம் ஆயுசு?"

"பத்து வருஷமாவது தாங்கும்."

"பழச எழுதினவங்களும் இத்தத்தான் சொல்லியிருப்பாங்க."

இப்படி மாதக்கணக்கில் போயிற்று. ஒன்றைச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்கிறவர்கள் பொதுவாகக் கேள்வி கேட்கமாட்டார்கள். இவர் கேட்டுக்கொண்டே இருப்பார். புது ஃப்ரேம்வொர்க்கில் ஒரு சின்ன மாதிரி செய்து காட்டச் சொன்னார். காட்டினேன். நாற்காலியை என் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இத்த அமுக்கினா இன்னா ஆவும்? நெட் போயிட்டா அது வரைக்கும் அடிச்சது எங்க போவும்?" என்று குடைந்து எடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது சார். ஆனா வேணாம்" என்று எழுந்து போனார்.

அவர் கணவரை அந்தச் சமயத்தில்தான் சந்தித்தேன். ஏ.சி. சர்வீஸ் செய்பவர். ஒரு சனிக்கிழமை மனைவியைக் கூட்டிப்போக பைக்கில் வந்து கேட்டருகே காத்திருந்தார். பேச்சுவாக்கில், உங்கள் வீட்டம்மாவோடு வாதாடி ஜெயிக்க முடியவில்லை என்றேன்.

"நீங்க வேற சார்" என்றார் அவர். "ஜெயிக்கிறது பெரிய விசயமே இல்ல. பாதி சண்டைல நம்ம பக்கம் வந்துருவா. அப்புறம் அவ பக்கத்துக்கு நாமதான் பேசிகினு நிக்கணும்."

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் மேடத்துக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன் நடந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, ஆனாலும் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியதாயிற்று. அவர் இல்லாத முதல் நாள் காலை ஷிஃப்ட் தொடங்கியதுமே லேபிள் நின்றது. லைன் சூப்பர்வைசர் மூச்சு வாங்க ஓடி வந்தார். உள்ளூர்க்காரர், கொஞ்சம் வயதானவர், எதற்கும் பதறாதவர். அவரே பதறிப்போயிருந்தார். எனக்கு எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன்.

"கறுப்பா ஒரு விண்டோ தொறந்திருக்கும் பாருங்க. அதுல கடைசி வரி மாட்டிகினு இருக்கும். அத்த அழிச்சிட்டு, திரும்ப ஓட்டுங்க" என்றார் களைத்த குரலில். அப்படியே செய்தேன். லேபிள் வந்தது. மறுநாள் வேறு ஒன்று நின்றது. அதற்கும் போன் போட்டேன். அதற்கடுத்த நாளும்.

அவர் ஏன் தினமும் முதல் பஸ்ஸுக்கே வருகிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எல்லோரும் வருவதற்கு முன் பழசைத் தட்டிக்கொட்டி ஓடவைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருப்பார் போலிருக்கிறது. ஒரு நாள் தவறாமல் ஓடியது என்று மேலே எழுதினேனே, அதன் சூட்சுமம் இதுதான். அவர் திரும்பி வரட்டும், பிளான்ட் ஹெட் முன்னால் இதைச் சொல்லி வாதத்தை முடித்துவிடலாம் என்று எல்லாவற்றையும் மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன்.

அவர் வந்த அன்றே கூட்டம் நடந்தது. நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவர் பேசிவிட்டார்.

"சார், நான் இத்தினி நாளா வேணாம்னு சொல்லிகினு இருந்தேன். பழசு நல்லா ஓடுதுன்னு சொன்னேன். ஆஸ்பத்திரில படுத்துகினு யோசிச்சேன். அது ஓடல சார். நான்தான் ஓடிகினு இருந்திருக்கேன். மாத்திடலாம்."

பிளான்ட் ஹெட் என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்கு வைத்திருந்தது ஒன்றுகூட மிச்சமில்லை. ஜெயித்துவிட்டேன் என்ற எண்ணமே வரவில்லை. அதைவிட விசித்திரம், நான் வாயைத் திறந்து, "பழசும் அவ்வளவு மோசமில்ல சார், நாம அவசரப்பட வேண்டாம்" என்று சொன்னதுதான். சொல்லும்போதே அவருடைய கணவர் ஞாபகம் வந்தது.

அந்த நாட்களில் ஒருமுறை அவரிடமே கேட்டேன். கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "எல்லாருக்கும் முன்னால தப்புன்னு சொல்லுதீங்களே, கூச்சமா இல்லையா மேடம்? எப்படி வந்துச்சு இந்தப் பழக்கம்?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அக்கா காதல் கல்யாணம் செய்துகொண்டாராம். இனிமேல் அவள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று அப்பா எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். கோபம் ஒரு வருஷத்தில் போய்விட்டது. பேத்தி பிறந்தாள். பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. ஆனால், சொல்லிவிட்டேனே என்று கடைசிவரை போகவேயில்லை.

"நல்ல மனுசன் சார் எங்கப்பா. ஒரு வார்த்தைய சொல்லிட்டு அத்த காப்பாத்தறதுக்கே கஷ்டப்பட்டு செத்துப்போனாரு."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. அப்படிப்பட்ட அப்பாவைப் பார்த்து வளர்ந்த பெண் இப்படித்தானே ஆவாள் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் வீட்டில் மனைவியிடமும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அவர் என் மேசைக்கு வந்தார். "சார், அன்னைக்கு எங்கப்பாவ பத்தி சொன்னேன்ல. அது முழுசா சரியில்ல. எங்கம்மாகிட்ட கேட்டேன். அவரு ஒரு தபா அக்கா வூட்டுக்குப் போயிருக்காரு. குழந்தைய தூக்கி வச்சிகினு கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்திருக்காரு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொல்லிட்டாராம்."

"அப்போ அவரும் மாத்திக்கிட்டாரா?"

"அதான் தெரியல. மாத்திகினா வெளிய சொல்லியிருக்கணும்ல? சொல்லாம மாத்திகினா அது இன்னா கணக்கு?" என்று என்னையே கேட்டார். அவரைப் பற்றி நான் மனசில் எழுதி முடித்திருந்த விளக்கம் அன்றோடு போயிற்று. அதற்குப் பிறகு வேறொன்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

புதிய அப்ளிகேஷனை எழுதி முடிக்க ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஆயிற்று. அவர் எனக்குச் சமமாக உழைத்தார். பழசின் ஒவ்வொரு கோணலையும் சொல்லிக்கொடுத்தது அவர்தான். "இந்த எடத்துல அது பொய் சொல்லும், நம்பாதீங்க" என்பார், ஏதோ ஆளைப் பற்றிச் சொல்வது போல. ஒரு திங்கட்கிழமை காலை ஷிஃப்டில் மாற்றிவிடுவது என்று நாள் குறித்தோம். அவரே குறித்த நாள். பிளான்ட் ஹெட் கார்த் தொழிற்சாலைக்குத் தகவல் சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை மேடம் லைனுக்குப் போய் ஷிஃப்ட் முழுக்க அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் கடைசிக் கூட்டத்தில் எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும் நேரத்தில் அவர் சொன்னார்.

"சார், திங்கக்கிழமை வேணாம்."

பிளான்ட் ஹெட் மறுபடி உட்கார்ந்தார். "திங்கட்கிழமைன்னு சொன்னது நீங்கதானே மேடம்?"

"ஆமா சார், நான்தான் சொன்னேன். லைன்ல இன்னைக்குப் பார்த்தேன். பாதிப் பேரு புதுசா வந்த கான்ட்ராக்ட் பசங்க. இந்த மாசம் கார்லயும் புது மாடல் வருது. எல்லாம் ஒண்ணா மாத்தினா மாட்டிக்குவோம்னு தோணுது. கொஞ்ச நாள் தள்ளிப் பண்ணலாம்."

"உங்க பேச்சுக்கு ஒரு நிலையே கிடையாதா?" என்று கேட்டார் பிளான்ட் ஹெட். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். அதுதான் மோசமாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க. திங்கட்கிழமை முடியுமா?" என்றார்.

"முடியும் சார்" என்றேன்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் தாங்கவில்லை. "என்ன மேடம் இப்படிப் பண்ணுதீங்க? இத்தனை மாசமா சேர்ந்து வேலை பார்த்துட்டு, கடைசி நாள்ல காலை வாரி விடுதீங்களே?"

"கோபம் வரும் சார். நானா இருந்தாலும் வரும்" என்றார்.

"அப்போ எதுக்குச் சொன்னீங்க?"

"எனக்கு வேணாம்னு தோணிச்சு. தோணினத வச்சிகினு சும்மா உக்காந்திருந்தா, நாளைக்கு எதாச்சும் ஆனா உங்க மூஞ்சில எப்டி முழிக்கறது?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் இப்படி ஒருவரோடு எப்படி வேலை செய்வது? அவர் சரி என்று சொன்னதை நம்பித்தானே நான் அத்தனை மாதம் எழுதினேன். பின்னால் வந்த சூப்பர்வைசர் என் தோளில் கை வைத்து, "அந்தம்மா நல்லவங்கதான் சார். ஆனா ஒண்ண நம்பி ஒண்ணு பண்ண முடியாது" என்றார். அன்றைக்கு அது சரியாகத்தான் பட்டது.

திங்கட்கிழமை காலை நான் போனபோது அவர் ஏற்கெனவே லைனில் இருந்தார். பழசைத் தயாராக ஓடவிட்டு, அது இருந்த கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். புதியது படுத்தால் அந்த நிமிஷமே பழசுக்குத் திரும்பிவிடலாம் என்று. யாரும் அவரை வரச் சொல்லவில்லை. சங்கு ஊதியது. முதல் சீட் வந்தது, முதல் லேபிள் வந்தது. புதியது ஓடிய டேப்லெட்களில் ஒன்று தூணுக்குப் பக்கத்தில் சிக்னல் கிடைக்காமல் திணறியது, அதை எடுத்து வேறு இடத்தில் மாட்டினோம். அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்குள் பையன்கள் எதையோ பேசிச் சிரித்தபடி வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு சீட்கூட இடம் மாறவில்லை.

வாரக் கடைசிக் கூட்டத்தில் பிளான்ட் ஹெட் எல்லோரையும் பாராட்டினார். மேடம் எழுந்து, "நான் பயந்தது எதுவும் நடக்கல சார். சனிக்கிழமை நான் சொன்னது தப்பு" என்றார். பிளான்ட் ஹெட் மேசையைப் பார்த்தார். ஒருவர் தானாக அப்படிச் சொல்லும்போது எங்கே பார்ப்பது என்று நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. அதிர்ஷ்டத்தில் தப்பிப்பது வேறு, சொன்னதே தப்பாக இருப்பது வேறு, இதில் எது நடந்தது என்று தெரிந்தாக வேண்டும் என்று லைனில் ஒவ்வொருவரிடமாகக் கேட்டுத் திரிந்தார். கடைசியில் சூப்பர்வைசர் சொன்னார்: "சனிக்கிழமை நீங்க வந்து இத்த தெரியுமா, அத்த தெரியுமான்னு பசங்கள கேட்டீங்கல்ல. எனக்குப் பயமா போச்சு. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் ஓவர்டைமுக்கு வரவச்சு, டேப்லெட்டக் கையில குடுத்துப் பழக்கிட்டேன்."

அதை என்னிடம் வந்து சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்ப நான் தப்புன்னு சொன்னதும் தப்பா சார்?"

"பிளான்ட் ஹெட்கிட்ட இதைப் போய்ச் சொல்லுங்க மேடம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"இத்த சொன்னா நான் சரின்னு சொல்ற மாதிரி ஆயிடும். அது எனக்கே இன்னும் தெளிவா தெரியல" என்றார். சொல்லவும் இல்லை.

அந்த வருஷம் எங்கள் பிரிவுக்கு மேனேஜர் பதவி ஒன்று வந்தது. எங்கள் இருவரில் ஒருவருக்கு. பிளான்ட் ஹெட் முதலில் அவரைத்தான் கூப்பிட்டுப் பேசினார், சீனியர் என்பதால். அவர் என் பெயரைச் சொல்லிவிட்டு வந்தார். "புதுசு முழுக்க நீங்க எழுதினது. நீங்கதான் சரி. நான் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். பிளான்ட் ஹெட் என்னைக் கூப்பிட்டார், சரி என்றேன். மனைவிக்குச் சொன்னேன், ஊருக்குப் போன் செய்து அம்மாவுக்குச் சொன்னேன்.

மறுநாள் காலை நான் பையை வைப்பதற்குள் அவர் வந்து என் மேசைக்கு எதிரே நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார், நேத்து பெருந்தன்மையா பேசிட்டேன். வூட்டுக்குப் போய் உக்காந்து பார்த்தா எனக்கு அது வேணும்னு கீது. நெசமாவே ஆசையா கீது."

நான் பையை மேசைமேல் வைத்தேன்.

"உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் அவராண்ட போகணும்னு வந்தேன்."

"நான் சரின்னு சொல்லிட்டேனே மேடம்" என்றேன்.

"மாத்திக்கலாம்ல?"

குத்திக் காட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பிரியாணிக் கடைக்காரர் முன்னால் நின்றபோதும், லைனில் பையன்களைக் கேட்டபோதும், என் புது ஃப்ரேம்வொர்க்கைக் குடைந்தபோதும் இருந்த அதே முகம்.

"எனக்கு அது வராது மேடம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிளான்ட் ஹெட்டிடம் போனார். உள்ளே என்ன நடந்தது என்று அவரே வந்து சொன்னார். பிளான்ட் ஹெட் சிரித்தாராம். "இதுக்காகத்தான் மேடம் உங்களுக்குக் கொடுக்க யோசிக்கிறோம்" என்றாராம். பிளான்ட் ஹெட் சொன்னதில் தப்பு சொல்ல முடியாது என்றும் மேடமே சேர்த்துச் சொன்னார். அதன் பிறகு நான் மேனேஜராகி வேறு அறைக்கு மாறினேன்.

மேடம் அடுத்த வருஷம் மறைமலை நகரில் வேறொரு கம்பெனிக்குப் போனார். போகும் நாளன்று கேக் வெட்டினோம். சூப்பர்வைசர் இரண்டு வார்த்தை பேசினார். எல்லோரும் கலைந்த பிறகு அவரை கேட் வரைக்கும் கொண்டுவிடப் போனேன். எதிரே ஒரு கம்பெனி பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. அதற்காக ஒதுங்கி நின்றோம். அத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன்.

"அந்த மேனேஜர் விஷயத்துல என் மேல கோபமா மேடம்?"

வேறு யாராக இருந்தாலும், "சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லியிருப்பார்கள். அவர் நின்று யோசித்தார். பஸ் திரும்பிப் போய், தூசி அடங்கும்வரை யோசித்தார்.

"இருந்துச்சு சார். இப்ப இல்ல."

"சந்தோஷம் மேடம்."

"ஆனா திரும்ப வராதுன்னு சொல்ல முடியாது. வந்தா போன் பண்ணி சொல்றேன்" என்றார். வெளியே காத்திருந்த அவருடைய கணவர் பைக்கைக் கிளப்பினார். போய்விட்டார்கள்.

விளையாட்டாகச் சொன்னார் என்று இருந்துவிட்டேன். பல மாதம் கழித்து, ஒரு மழைநாள் சாயங்காலம் போன் வந்தது. நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை.

"சார், இன்னைக்கு வந்துச்சு. இங்க ஒருத்தருக்கு பிரமோஷன் குடுத்தாங்க. கை தட்டிகினே இருந்தேன், திடீர்னு உங்க ஞாபகம். நல்லா கோபம். சொல்றேன்னு சொன்னேன்ல, அதான்."

"சரி மேடம்" என்றேன்.

"அவ்ளோதான். வச்சிடறேன்."

என் மனைவி, யார் என்று கேட்டாள். சொன்னேன். "இப்படியும் ஒரு மனுஷியா?" என்றாள்.

மறுநாள் முழுக்க நான் போனை எங்கேயும் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். கூட்டத்துக்குப் போனபோதுகூட மேசைமேல், கண்ணில் படுகிற மாதிரி. மதியம் வரை ஒன்றும் வரவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். நாலு மணி டீக்குப் போய் டம்ளரைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது.